சலம் போகும் குளிசைகளும் எமது சிறுநீரகங்களும்

கரவெட்டிப் பகுதியில் இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களின் வீடுகளுக்குப் போகும்போது நாம் அடிக்கடி காணும் பொருள் ஒன்று உண்டு. அது வளையில் தொங்கும் ஒரு சொப்பிங் பை. அதற்குள் காணி உறுதி, குடும்ப அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கும். அவற்றுக்கிடையே சிறு கடதாசிப் பைகளில் குளிசைகளும் இருக்கும். 1987 மே மாதத்தில் வடமராட்சி மக்கள் ஓடினார்கள். 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் ஓடினார்கள். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமமே திரண்டு தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் நடந்தது. எதை விட்டாலும் இந்தப் பையை விடக்கூடாது என்பதை அந்த நாட்கள் எமக்குப் படிப்பித்தன. சிலருக்குப் பின்னர் காணி திரும்பக் கிடைத்தது. சிலர் இன்னும் காத்திருக்கின்றனர். பை மட்டும் எல்லோரிடமும் இருக்கின்றது.

அந்தப் பையிலுள்ள குளிசைகளுள் ஒன்றைப் பற்றியே இப்பாடத்தில் படிக்கப் போகின்றோம். ஊரில் இதனைச் "சலம் போற குளிசை" என்றும் "தண்ணிக் குளிசை" என்றும் சொல்வோம். வைத்தியர்கள் சிறுநீர்பெருக்கி என்பர். கால்வீக்கம், மூச்சுமுட்டு, உயர் குருதியமுக்கம் ஆகியவற்றுக்கு இது நல்ல மருந்து. ஆனால் சிறுநீரகம் பழுதடைந்த ஒருவருக்கு ஆள் பார்த்து, அளவு பார்த்து, கூடச் சேரும் மருந்து பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்தும் இதுவே.

சிறுநீரகம் செய்யும் வேலை

எமது முதுகுப்புறத்தில் விலா எலும்புகளின் கீழ்ப்பக்கமாக இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு கைப்பொத்தின் அளவு. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து இலட்சம் நுண்ணிய வடிகள் இருக்கின்றன. ஒரு நாளில் அவை ஏறக்குறைய 180 லீற்றர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. பத்து லீற்றர் வாளியால் கணக்குப் பார்த்தால் பதினெட்டு வாளி. இவ்வளவும் சலமாகப் போனால் நாம் ஒரு நாளும் உயிர்வாழ முடியாது. ஆகவே வடித்த நீரில் பெரும்பகுதியைச் சிறுநீரகம் மீண்டும் உடலுக்கே எடுத்துக்கொள்கின்றது. கழிவோடு ஒன்று அல்லது இரண்டு லீற்றர் மட்டுமே வெளியே போகின்றது.

தோட்டக்காரருக்கு இது எளிதில் விளங்கும். கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீர் வாய்க்கால் வழியே ஓடும்போது ஒவ்வொரு பாத்தியும் தனக்குரியதைக் குடித்துக்கொள்கிறது. மிஞ்சியதே கடைசி மடையால் வழிகின்றது. சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் பாத்தி குடிப்பது போல உடல் முதலில் உப்பைத் திரும்ப எடுக்கின்றது. உப்புப் போகும் இடத்துக்குத் தண்ணீரும் போகும்.

சலம் போகும் குளிசை அந்த உப்பைத் திரும்ப எடுக்கவிடாமல் தடுக்கின்றது. உப்பு வெளியே போகும்போது தண்ணீரும் கூடவே போய்விடுகின்றது. செய்வது இவ்வளவுதான். இக்குளிசை சிறுநீரகத்தைக் கழுவுவதுமில்லை, பழுதைத் திருத்துவதுமில்லை. "சலம் நல்லாய்ப் போகுது, அப்ப கிட்னி சுகம்" என்று நினைப்பது தவறு.

மூன்று வகைகள்

இம்மருந்துகளின் வரலாறே எமக்கு ஒரு பாடம். 1919 இல் வியன்னா நகரில் மேகநோய்க்கு இரசம் கலந்த ஊசி போட்டபோது நோயாளிக்குச் சலம் பெருகுவதை ஒரு மருத்துவ மாணவர் கவனித்தார். பின்னர் பல ஆண்டுகள் வீக்கத்துக்கு இரச ஊசியே மருந்தாயிற்று. ஆனால் இரசம் சிறுநீரகத்துக்கு நஞ்சு. சலத்தைப் பெருக்கும் எல்லாமே சிறுநீரகத்துக்கு நன்மை செய்வதில்லை என்பதற்கு இது சான்று. 1950களின் இறுதியிலும் 1960களிலும் புதிய மருந்துகள் வந்தபின் இரச ஊசி கைவிடப்பட்டது. இன்று எமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகைப்படும்.

முதலாவது புரூசமைட். லாசிக்ஸ் என்ற கம்பனிப் பெயராலும் இதனை அறிவோம். இது வலுவான மருந்து. குடித்து ஒரு மணித்தியாலத்துக்குள் வேலை தொடங்கி ஏறக்குறைய ஆறு மணித்தியாலத்தில் முடியும். அதனாலேயே காலையிலும், தேவையாயின் மத்தியானம் கழிந்தும் தருவார்கள். இரவில் குடித்தால் நித்திரை கெடும். இருட்டில் கக்கூசுக்குப் போகும் முதியவர் விழுந்து இடுப்பெலும்பை உடைக்கவும் கூடும்.

இரண்டாவது தயசைட் வகை. ஹைட்ரோகுளோரோதயசைட் இதற்கு உதாரணம். பெரும்பாலும் குருதியமுக்கத்துக்குக் கொடுப்பார்கள். சிறுநீரகம் மிகவும் பழுதானவரில் இதற்கு வலுக் குறைவு என்று நீண்டகாலம் சொல்லப்பட்டு வந்தது. 2021 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், சிறுநீரக வேலை பெரிதும் குறைந்த 160 பேருள் ஒரு பகுதியினருக்கு இவ்வகையைச் சேர்ந்த குளோர்தலிடோன் கொடுக்கப்பட்டது. அவர்களின் மேல் அமுக்கம் 12 கிழமையில் ஏறக்குறைய 11 புள்ளி குறைந்தது. ஆகவே இன்று சில வைத்தியர்கள் இதனை அத்தகையோருக்கும் தருகின்றனர். ஆனால் இரத்தப் பரிசோதனையோடுதான் தருவார்கள். முதியவர்களில் இவ்வகை சோடியத்தைக் குறைத்து மயக்கத்தையும் தடுமாற்றத்தையும் உண்டாக்கலாம்.

மூன்றாவது ஸ்பைரோனோலக்டோன். முதலிரு வகைகளும் பொற்றாசியம் என்ற உப்பை உடலிலிருந்து போக்கும். இதுவோ பொற்றாசியத்தை உடலில் தேக்கி வைக்கும். இந்த வேறுபாட்டை மனதில் வைத்திருங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

சிறுநீரக நோயாளருக்குப் புரூசமைட்டின் அளவு கூடுவதைக் கண்டு சிலர் பயப்படுகின்றனர். பழுதான சிறுநீரகத்துக்குள் மருந்து போய்ச் சேர்வது குறைவு. ஆகவே மற்றவருக்கு ஒரு குளிசை போதுமாயின் இவருக்கு இரண்டு மூன்று தேவைப்படலாம். அதே காரணத்தால் பக்கத்து வீட்டாரின் அளவு உங்கள் அளவாகாது.

சிறுநீரக நோய் எல்லாவற்றுக்கும் இது மருந்தல்ல

1990களின் நடுப்பகுதியிலிருந்து மதவாச்சி, பதவியா முதலிய வடமத்திய மாகாணப் பகுதிகளில் விவசாயிகளிடையே ஒரு சிறுநீரக நோய் பரவலாகக் காணப்பட்டது. வவுனியா மாவட்டத்திலும் இந்நோயாளர் உள்ளனர். நீரிழிவோ உயர் அமுக்கமோ இல்லாதவர்களையும் இது தாக்கியது. குடிதண்ணீரின் தன்மை, விவசாய இரசாயனங்கள், வெயிலில் உடல்நீர் வற்றுதல் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டன. ஒரே காரணம் என்று எதுவும் நிரூபிக்கப்படவில்லை. எமது குடும்பங்களுள் பல வன்னியில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்து திரும்பியவை. ஆகவே இதனை நாமும் அறிந்திருக்க வேண்டும்.

இந்நோயில் நெடுங்காலம் வரை வீக்கம் இருப்பதில்லை. அமுக்கமும் பெரிதாகக் கூடுவதில்லை. வீக்கமில்லாத ஒருவருக்குச் சலம் போகும் குளிசையால் நன்மை இல்லை. ஏற்கெனவே வற்றிய உடலை அது மேலும் வற்றச் செய்யும்.

மத்திய அமெரிக்காவில் நிக்கராகுவா நாட்டின் கரும்புத் தோட்டங்களிலும் இதனை ஒத்த நோய் உண்டு. அங்கே வெயிலில் வேலை செய்தோருக்குச் சலக்கடுப்பு வரும்போது பாமசிகளில் சலம் போகும் மருந்தும் நோவுக் குளிசையும் கொடுக்கும் பழக்கம் இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். அவர்களிற் பலருக்குத் தேவைப்பட்டது நிழலும் தண்ணீருமே. எமது பக்கத்திலும் சோளகக் காற்று வீசும் மாதங்களில் வெங்காயத் தறையில் நின்றுவிட்டு "சலம் எரியுது" என்போர் உண்டு. இவர்கள் சலத்தைப் பரிசோதிக்க வேண்டும். அதற்கு முன்னர் தண்ணிக் குளிசையைத் தேடக்கூடாது.

வீக்கம் கண்டவுடன் குளிசையா?

கால் வீங்குவதற்குக் காரணங்கள் பல. இருதயம், ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றின் நோய்கள் முக்கியமானவை. போசாக்குக் குறைவும் ஒரு காரணம். அமுக்கத்துக்குக் குடிக்கும் அம்லோடிப்பின் என்ற குளிசையும் சிலருக்குக் கணுக்காலை வீங்கச் செய்யும். அந்த வீக்கத்துக்குப் புரூசமைட், அதனால் வரும் கால்பிடிப்புக்கு வேறொரு குளிசை என ஒன்றை ஒன்று இழுத்து வருவதைக் காணலாம். முதற் குளிசையை மாற்றினால் மற்றவை தேவைப்படாமற் போகலாம். ஆகவே வீக்கத்தைக் காட்டும்போது குடிக்கும் குளிசைகள் எல்லாவற்றையும் வைத்தியருக்குக் காட்டுங்கள்.

நெருக்கமாக வாழும் இடங்களில் பிள்ளைகளுக்குச் சொறி சிரங்கு வருவது வழமை. சிரங்கோ தொண்டைநோவோ வந்து சில கிழமைகளின் பின் பிள்ளையின் முகம் வீங்கி, சலம் தேத்தண்ணி நிறத்தில் போனால் அது சிறுநீரக அழற்சியாக இருக்கலாம். அப்புவின் குளிசையில் பாதியை முறித்துக் கொடுக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். கர்ப்பிணித் தாய்மாரின் வீக்கத்துக்கும் வீட்டில் கிடக்கும் குளிசை கொடுக்கக்கூடாது.

ஒரு குடும்பத்தில் நடப்பது

பல குடும்பங்களில் நடக்கக்கூடியதை ஒரு குடும்பத்தில் வைத்துப் பார்ப்போம். ஆட்கள் கற்பனை. நடப்பது கற்பனையல்ல.

பலாலிப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து கரவெட்டியில் குத்தகைக்கு வெங்காயம் செய்யும் ஒரு பெரியவர். அமுக்கத்துக்கு எனலப்பிறில், கால்வீக்கத்துக்குப் புரூசமைட், இரண்டும் கிளினிக்கில் தந்தவை. சிறுநீரகம் சற்றுப் பழுது என்று கொப்பியில் எழுதியிருக்கிறது. முழங்கால் நோவுக்கு ஒரு பாமசியில் டைக்ளோபெனக் வாங்கி ஒரு கிழமையாகக் குடிக்கிறார். பிறகு வயிற்றோட்டமும் சத்தியும் வருகின்றன. இரண்டாம் நாள் எழும்பும்போது தலை சுற்றுகிறது.

"ஐயா, இண்டைக்கு எத்தனை தரம் சலம் போனது?" என்று மகள் கேட்கிறார்.

"காலமை ஒருக்காக் கொஞ்சமாய்ப் போனது பிள்ளை. அதுக்குப் பிறகு போகேல்லை."

பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொல்கிறார்: "அப்ப அந்தத் தண்ணிக் குளிசையை இன்னுமொண்டு குடுத்துப் பார் பிள்ளை. சலம் அடைச்சுக் கிடக்குது போல."

மகள் கொடுக்கவில்லை. "பெரியம்மா, ரெண்டு நாளாய்த் தண்ணி எல்லாம் வெளியாலை போட்டுது. இல்லாத தண்ணியைக் குளிசை எங்கையிருந்து எடுக்கிறது?" என்று சொல்லிவிட்டு, பையோடு தகப்பனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார். அங்கே மூன்று குளிசைகளையும் நிறுத்தி, சேலைன் ஏற்றி, இரத்தம் சோதிக்கிறார்கள். மூன்றாம் நாள் சலம் போகத் தொடங்குகிறது. இன்னுமொரு குளிசை கொடுத்து வீட்டில் வைத்திருந்தால் கதை வேறு விதமாக முடிந்திருக்கலாம்.

நடந்தது என்ன? புரூசமைட் உடல்நீரைக் குறைத்தது. சிறுநீரகத்துக்குள் இரத்தம் வரும் வழியை டைக்ளோபெனக் ஒடுக்கியது. வெளியேறும் வழியை எனலப்பிறில் தளர்த்தியது. வடிக்கும் அமுக்கம் விழுந்தது. வயிற்றோட்டம் அதை முற்றாக்கியது. இந்த மூன்றின் சேர்க்கையை வைத்தியர்கள் நன்கு அறிவர். 2013 இல் பிரித்தானியாவில் அமுக்க மருந்து குடிக்கும் 4,87,372 பேரின் பதிவுகளை ஆராய்ந்தனர். சலம் போகும் மருந்தோடும் எனலப்பிறில், லொசாற்றன் போன்றவற்றோடும் நோவுக் குளிசையையும் சேர்த்துக் குடித்தோருக்குச் சிறுநீரகம் திடீரெனப் பழுதாவது 31 வீதம் கூடுதலாக இருந்தது. முதல் 30 நாட்களில் அது 82 வீதமாக இருந்தது. அதாவது புதிதாகத் தொடங்கும் முதல் மாதமே அவதானமான காலம். ஐபுபுறோபன், மெபனமிக் அசிட் போன்றவையும் டைக்ளோபெனக்கின் இனமே. சிறுநீரக நோயாளருக்கு நோவு வந்தால் பரசிற்றமோல் பொதுவாகப் பாதுகாப்பானது. அதன் அளவையும் கேட்டு அறிய வேண்டும்.

பொற்றாசியம்: குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து

இரத்தத்தில் பொற்றாசியம் லீற்றருக்கு 3.5 முதல் 5 வரையான அலகில் இருக்க வேண்டும். புரூசமைட்டும் தயசைட்டும் அதனைக் குறைக்கும். அப்போது கால்பிடிப்பும் சோர்வும் வரும், இருதயத் துடிப்பும் குழம்பும். டிஜொக்சின் குடிப்போருக்கு இது மேலும் ஆபத்து. ஸ்பைரோனோலக்டோன் அதனைக் கூட்டும். சிறுநீரகம் பழுதான ஒருவர் எனலப்பிறில் அல்லது லொசாற்றனோடு இதனையும் குடித்தால் பொற்றாசியம் ஏறி, எந்த முன்னறிகுறியும் இன்றி இருதயம் நிற்கக் கூடும்.

1999 இல் வெளியான ஓர் ஆய்வு, கடும் இருதய நோயாளரின் உயிரை ஸ்பைரோனோலக்டோன் காக்கின்றது எனக் காட்டியது. நல்ல செய்தி. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வைத்தியர்கள் இதனை மிகுதியாக எழுதத் தொடங்கினர். 1994 இல் அத்தகைய நோயாளர் ஆயிரத்துக்கு 34 ஆக இருந்த மருந்துத் துண்டுகள் 2001 இல் 149 ஆயின. பொற்றாசியம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தோர் ஆயிரத்துக்கு 2.4 இலிருந்து 11 ஆகவும், இறந்தோர் 0.3 இலிருந்து 2 ஆகவும் கூடினர். அந்த ஆய்வில் சிறுநீரகம் மிகவும் பழுதானோர் சேர்க்கப்படவில்லை. சேர்க்கப்பட்டோருக்கு அடிக்கடி இரத்தம் சோதிக்கப்பட்டது. வெளியே அந்த அவதானம் தவறியது. வசதியுள்ள நாட்டிலேயே இப்படியானால் எமக்கு எவ்வளவு கவனம் வேண்டும்! இக்குளிசையைத் தொடங்கினால் ஒரு கிழமையிலும் பின்னர் நான்காம் கிழமையிலும் பொற்றாசியமும் கிறியேற்றினினும் சோதிப்பது நல்ல வழக்கம்.

பொற்றாசியம் கூடியிருப்பதாக வைத்தியர் சொன்னவர்கள் இளநீர், வாழைப்பழம், தோடம்பழம், உருளைக்கிழங்கு ஆகியவற்றைக் குறைக்க வேண்டும். மரக்கறியைச் சிறிதாக வெட்டி அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பெரும்பாலும் பொற்றாசியமே இருக்கும். அது இவர்களுக்கு ஆகாது. ஆனால் சொல்லாதவர்கள் பயத்தில் பழமும் கீரையும் விடவேண்டியதில்லை. அரைவயிற்றோடு வாழ்பவருக்குத் தேவையற்ற பத்தியமும் ஒரு நோயே.

ஒரு மருந்து, இரண்டு பெயர்

கிளினிக்கில் தந்த பையில் புரூசமைட் என்று இருக்கும். தனியார் வைத்தியர் லாசிக்ஸ் என்று எழுதியிருப்பார். இரண்டும் ஒன்றே. தெரியாதவர் இரண்டையும் குடிப்பார். மருந்தின் உண்மைப் பெயரை மக்கள் அறியவேண்டும் என்பதற்காக உழைத்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. அவரது முயற்சியால் 1971 இல் எமது நாட்டில் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. அவர் காட்டிய வழியில் நாமும் மருந்தின் கம்பனிப் பெயரை அல்ல, உண்மைப் பெயரைக் கேட்டு எழுதி வைப்போம்.

நாம் செய்யக்கூடியவை

1. ஒரு கொப்பி மட்டையில் நோயாளியின் மருந்துகளின் உண்மைப் பெயர், அளவு, குடிக்கும் நேரம், கடைசியாகச் சோதித்த கிறியேற்றினின், பொற்றாசியம், திகதி ஆகியவற்றை எழுதி உறுதியோடு சேர்த்து வைப்போம். பிரதி ஒன்றை உறவினர் வீட்டில் வைப்போம்.

2. எந்த வைத்தியரிடம் போனாலும் எந்தப் பாமசிக்குப் போனாலும் "சிறுநீரகம் பழுது, சலம் போகும் குளிசை குடிக்கிறன்" என்று முதலிலேயே சொல்வோம். ஜென்ராமைசின் ஊசியோடு கூடிய அளவு புரூசமைட் சேர்ந்தால் செவிப்புலன் கெடலாம் என்பதால் ஊசி போடுவோரும் இதனை அறிய வேண்டும்.

3. நெருஞ்சில், நீர்முள்ளி போன்ற சலம் பெருக்கும் நாட்டு மருந்துகளைக் குடித்தால் அதனையும் மறைக்காமல் சொல்வோம். இரண்டும் சேர்ந்தால் உடல் அளவுக்கு மீறி வற்றும்.

4. உப்பைக் குறைப்போம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு மட்டத் தேக்கரண்டிக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் ஆகியவற்றில் உள்ளதும் இந்தக் கணக்கிலேயே சேரும். உப்பை அள்ளித் தின்றுவிட்டுக் குளிசையைக் கூட்டுவது ஓட்டை வாளியால் இறைப்பதற்குச் சமம்.

5. நிறை பார்ப்போம். வீட்டில் தராசு இல்லாவிடில் கிளினிக்கிலோ சங்கக் கடையிலோ கேட்டுப் பார்க்கலாம். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் நீர் தேங்குகிறது. விரைவாகக் குறைந்து தலை சுற்றினால் உடல் வற்றுகிறது. இரண்டுக்கும் வைத்தியரைக் காண வேண்டும்.

6. சுகமாக இருக்கும்போதே வைத்தியரிடம் இதனைக் கேட்டு எழுதுவிப்போம்: "சத்தி, வயிற்றோட்டம், கடுங்காய்ச்சல் வந்தால் எந்தக் குளிசைகளை நிறுத்த வேண்டும், எப்போது திரும்பத் தொடங்க வேண்டும், ஜீவனி எவ்வளவு குடிக்கலாம்?" சலம் போகும் குளிசை, எனலப்பிறில், லொசாற்றன், மெற்போமின் ஆகியவை பற்றி இக்கேள்வி அவசியம். மற்ற நாட்களில் எமது எண்ணப்படி குளிசையை நிறுத்தக் கூடாது. இருதய நோயாளர் நிறுத்தினால் மூச்சுமுட்டு வரும்.

7. சலம் மிகக் குறைதல், நெஞ்சு படபடத்தல், கைகால் சோர்ந்து விழுதல், மூச்சுமுட்டு, மயக்கம் ஆகியன வந்தால் தாமதிக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். எமக்கு மந்திகையில் பருத்தித்துறை ஆதார வைத்தியசாலையும், அதற்கப்பால் சிறுநீரகப் பிரிவுள்ள யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையும் உண்டு. குளிசைப் பையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

கலந்துரையாடுவோம்

இதனை வாசித்தபின் வீட்டிலோ சங்கக் கூட்டத்திலோ சேர்ந்திருந்து பின்வருவனவற்றைப் பேசிப் பாருங்கள். எமது வீட்டுப் பையில் என்னென்ன குளிசைகள் உள்ளன? அவற்றுள் யாருடையதென்று தெரியாதவை எத்தனை? பெயர் வாசிக்க முடியாத முதியவருக்கு யார் வாசித்துச் சொல்வது? பக்கத்து வீட்டார் அன்போடு நீட்டும் குளிசையை மனம் நோகாமல் எப்படி மறுப்பது?

வீடும் தோட்டமும் கிணறும் எம் கையை விட்டுப் போன நாட்களில் அவற்றைக் காப்பது எம்மால் முடியவில்லை. ஆனால் எமது அப்புமாரினதும் ஆச்சிமாரினதும் சிறுநீரகங்களைக் காப்பதற்கு ஒரு கொப்பி மட்டையும் ஒரு பென்சிலும் நாலு கேள்வி கேட்கும் துணிவும் போதும். இன்று மாலையே பையை இறக்கி, குளிசைகளைப் பாயில் பரப்பி, எழுதத் தொடங்குவோம்.